ஓரத்தில் இடாத குறி

மலர்க் குழுவினர் என்னிடமும் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டு எழுதியபோது, எதை எழுதுவது என்று பல நாள் தயங்கினேன். துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும், விடுதிச்சாலை வாழ்வைப் பற்றியும், அதிபர் அவர்களின் பிரம்பைப் பற்றியும் என்னிலும் சிறப்பாக எழுதவல்லார் பலர் உளர். என் தொழிலோ கணினிக்கு நிரல் எழுதுவது. அதிலே பிறர் கேட்டு மகிழத்தக்க செய்தி அதிகம் இல்லை. ஆயினும், இத்தொழிலில் யான் செய்த ஒரு தவறு நம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் பெரிதும் பாதித்தது. அதனை இதுவரை நண்பர் சிலருக்கன்றி வேறெவர்க்கும் கூறியதில்லை. பழைய மாணவர் கூடும் இம்மலரே அதனைக் கூறுதற்கேற்ற இடம் என்று துணிந்து எழுதுகின்றேன்.

1970ஆம் ஆண்டளவில் கல்லூரியில் பயின்றோர், ஆசிரியரின் பெயரை யான் கூறாமலே அவரை அறிந்துகொள்வர். வெள்ளை வேட்டியும், தோளிற் சால்வையும், கையில் ஒரு கொப்பியுமாக அவர் மிதிவண்டியில் வருவதை எவர்தாம் மறக்கவல்லார்? அக்கொப்பி மாணவர்க்குப் புள்ளியிடுவதற்கு வைத்திருந்த கொப்பியன்று. சனி ஞாயிறுகளிலே தோட்டங்களுக்கும் கடற்கரைகளுக்கும் சென்று, கமக்காரரும் மீனவரும் பனைத்தொழில் செய்வோரும் தத்தம் தொழிலில் வழங்கும் சொற்களைக் கேட்டு அதில் எழுதி வந்தார். துலா, துலாக்கொடி, ஆடுகால், பட்டை என்று கிணற்றிறைப்புக்கு உரிய சொற்கள் மட்டுமே பல பக்கங்களில் இருந்தன. சில பக்கங்களில் வர்ணப் பென்சிலால் படமும் வரைந்திருந்தார். இவ்வாறு ஆறு கொப்பிகள் நிறைந்தன.

ஒவ்வொரு சொல்லுக்கும் இடப்பக்கத்து ஓரத்திலே சிறு குறி ஒன்று இருக்கும். 'க' என்றால் கமக்காரர் வழக்கு. 'மீ' என்றால் மீனவர் வழக்கு. சில சொற்களுக்கு அருகில் எழுத்தின்றி ஒரு வட்டம் மட்டும் இருக்கும். ஒரு விடுமுறையின்போது, முதற் கொப்பியைத் திருத்தமாகப் படியெடுக்கும் பணியை அவர் என்னிடம் ஒப்படைத்தார். எனக்கோ இலக்கணம் கற்ற செருக்கு. 'கிணத்தடி' என்றிருந்ததைக் 'கிணற்றடி' என்றும், 'வெத்திலை' என்றிருந்ததை 'வெற்றிலை' என்றும் திருத்தி, அழகிய கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பாராட்டுக் கிடைக்கும் என்று நின்றேன்.

அவர் சிறிதுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, பிழை திருத்துவது நல்ல பழக்கந்தான். ஆனால் எது பிழை என்று முதலில் தெரியவேணும். இந்த வட்டம் எதற்காகப் போட்டிருக்கிறேன்?" என்று கேட்டார். நான் விழித்தேன். "கேட்டபடியே எழுதியிருக்கிறேன், கை வைக்காதே என்பதற்குத்தான் வட்டம்," என்றார். நான் எழுதியது முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டேன் என்றே அன்று எண்ணினேன்.

ஆசிரியர் மறைந்தபின் அக்கொப்பிகள், அவருக்கு உறவினனும் என் வகுப்புத் தோழனுமான ஒருவனிடம் வந்து சேர்ந்தன. அவன் வடமராட்சிக் கிழக்குக் கரையோரத்திலே குடியிருந்தான். யானோ இலண்டன் சென்று கணினித் தொழிலில் அமர்ந்தேன். யுத்த காலத்து இடப்பெயர்வுகளின்போதெல்லாம், உடுபுடைவையோடு அக்கொப்பிகளையும் ஒரு தகரப் பெட்டியிலிட்டு அவன் தூக்கிச் சென்றான் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

2002ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. தோழன் பெட்டியோடு கொழும்புக்கு வந்து, ஒரு கடையில் 438 பக்கங்களையும் வருடியிலிட்டுப் படங்களாக்கி, இறுவட்டு ஒன்றிற் பதிந்து எனக்கு அனுப்பினான். கொப்பிகளைத் தன்னுடன் திரும்பக் கொண்டு சென்றான்.

இனி என் தொழிலைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. நிரல் எழுதுவோர் தாம் எழுதியதை நாள்தோறும் மாற்றுவர். நேற்று எவ்வாறு இருந்தது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பனவற்றை எல்லாம் ஓர் இடாப்பிற்போல வரிசையாகக் காத்துவைக்கும் மென்பொருள்கள் உண்டு. இவற்றைப் பதிப்புப் பேணும் மென்பொருள் எனலாம். அக்காலத்திற் பெருவழக்காயிருந்தது சீ.வி.எஸ். என்பது. நெதர்லாந்தைச் சேர்ந்த டிக் குறூன் என்பார் 1986இல் வெளியிட்ட சிறு நிரல்களிலிருந்து அது வளர்ந்தது. கோப்புகளைக் களஞ்சியத்திற் சேர்ப்பதும் எடுப்பதும் கட்டளை வரியிற் சொற்களைத் தட்டச்சுச் செய்தே நடைபெறும்.

இம்மென்பொருள் நிரல் எழுத்துகளைப் பேணுதற்கென்றே பிறந்தது. ஆதலால், தன்னிடம் வரும் கோப்பு எதுவாயினும் அஃது எழுத்துக் கோப்பே என்று கொண்டுவிடும். அப்படிக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் நாம் இரு வேலைகள் செய்கிறோம். உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ளுவது ஒன்று; தாளை ஒரு வரி மேலே ஏற்றுவது மற்றொன்று. இவ்விரு செயலுக்கும் பழைய தந்தி அச்சுப் பொறிகள் இருவேறு குறிகளை வழங்கின. கணினிக் குறியீட்டிலே அவை 13, 10 என்னும் எண்களாயின. விண்டோஸ் இயங்கும் கணினிகள் வரி முடிவில் 13, 10 என இரண்டையும் எழுதும். யுனிக்ஸ் வழிவந்தவை 10 ஒன்றையே எழுதும். ஆகவே, விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு கோப்பைச் சேர்க்கும்போது, சீ.வி.எஸ். 13, 10 என்னும் இணையைக் கண்ட இடமெல்லாம் 13ஐ நீக்கிவிட்டு 10ஐ மட்டும் களஞ்சியத்தில் வைக்கும். திரும்ப விண்டோஸ் கணினிக்கு எடுக்கும்போது ஒவ்வொரு 10க்கும் முன் 13ஐச் சேர்த்துக் கொடுக்கும். எழுத்துக் கோப்புக்கு இது பேருதவி. படக் கோப்புக்கோ பெருங்கேடு. படத்திலே 13, 10 என்பன வரி முடிவுகள் அல்ல. தற்செயலாக அடுத்தடுத்து அமைந்த இரு எண்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்றை நீக்கினால், அங்கிருந்து கீழே படம் குலைந்துவிடும்.

இதனைத் தடுக்கும் வழி மிக எளிது. கோப்பைச் சேர்க்கும் கட்டளையில் '-கேபி' என்றொரு குறியை இட்டால் போதும். "இது எழுத்தன்று, இருந்தபடியே வை, கை வைக்காதே" என்பது அதன் பொருள். கோப்பின் உள்ளடக்கத்தில் அஃது எதையும் சேர்ப்பதில்லை. கோப்பைப் பற்றிய ஒரு பண்பாகப் பக்கத்திலே நிற்கும். ஆசிரியரின் வட்டமும் அதுவே என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர். யான் உணரவில்லை.

ஓர் இரவு வேலை முடிந்து களைத்து வந்து, இறுவட்டிலிருந்த 438 படங்களையும் என் விண்டோஸ் மடிக்கணினிக்கு மாற்றி, ஒரே கட்டளையால் வீட்டிலிருந்த யுனிக்ஸ் களஞ்சியத்துக்கு ஏற்றினேன். அக்குறியை யான் அறியாதவன் அல்லன். அலுவலகத்திலே புதியவர்க்கு அதனைக் கற்பித்தவனே யான். அன்று இடவில்லை. கட்டளை பிழை எதுவும் கூறாமல் முடிந்தது. மடிக்கணினியிற் படங்களைத் திறந்து பார்த்தேன், தெளிவாயிருந்தன. மடிக்கணினியில் இருந்தவை மூலப் பிரதிகள், களஞ்சியத்துள் இருந்தவையே பழுதானவை என்பது அந்நேரத்தில் என் சிந்தைக்கு எட்டவில்லை. அடுத்த ஆண்டு அம்மடிக்கணினியைக் கழித்தபோது, "களஞ்சியத்தில் உள்ளதே" என்ற நம்பிக்கையில் அதிலிருந்த யாவற்றையும் அழித்தேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தோழனும் குடும்பத்தினரும் உயிர் தப்பினர், வீடு போயிற்று. யுத்தம் முழுவதும் காப்பாற்றிய தகரப் பெட்டியும் அதனோடு போயிற்று. பத்து நாள் கழித்து அவனுடைய குரலைத் தொலைபேசியிற் கேட்டபோது, எனக்கு அழுகையே வந்தது. அவன் தன் இழப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. "மச்சான், கொப்பியள் போயிட்டுது. உன்னட்டைப் படங்கள் கிடக்குதுதானே? அது காணும்," என்றான். "கிடக்குது, கவலைப்படாதே," என்றேன்.

அன்றிரவே களஞ்சியத்திலிருந்து படங்களை எடுத்துத் திறந்தேன். முதற் படம் நன்றாயிருந்தது. இரண்டாவது, பக்கத்தின் நடுவரை ஆசிரியரின் கையெழுத்தாயிருந்து, அதன் கீழே கோணிச் சிதறிக் கருமை படர்ந்திருந்தது. மூன்றாவதும் அவ்வாறே. விடியும்வரை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினேன். 438இல் 96 மட்டுமே பழுதின்றி இருந்தன. இறுவட்டைத் தேடி எடுத்தேன். அதன் மேற்பூச்சுக் கெட்டு, கணினியால் அதனைப் படிக்க இயலவில்லை. அவ்வளவில் என் குற்றம் எனக்கு முழுவதும் விளங்கியது. போரும் கடலும் செய்தவற்றுக்கு யான் பொறுப்பாளி அல்லேன். எஞ்சியிருந்த ஒரே பிரதியைக் கெடுத்தவன் யானே. தோழனிடம் உண்மையைக் கூற மூன்று வாரம் சென்றது. அவன் நெடுநேரம் மௌனமாயிருந்து, "ஏதும் செய்யலாமோ எண்டு பார்," என்று மட்டும் சொன்னான்.

செய்யத்தக்கது ஒன்று இருந்தது. படக் கோப்பு என்பது பைற்றுகளின் வரிசை. ஒவ்வொரு பைற்றும் 256 மதிப்புகளுள் ஒன்றைக் கொள்ளும். ஆதலின், 13ஐ அடுத்து 10 வருதல் ஏறக்குறைய 65,536 இடங்களுக்கு ஒருமுறையே நிகழும். எம் படங்கள் பெரும்பாலும் 1,00,000 பைற்று அளவின. ஆகவே படம் ஒன்றில் ஓரிரு 13களே நீங்கியிருக்கும். ஆனால் அதே படத்தில் 10 என்பது சுமார் 400 இடங்களில் வரும். அவற்றுள் எதன்முன் 13 இருந்தது என்பதைக் களஞ்சியம் எங்கும் குறித்து வைக்கவில்லை. எனினும், எந்த வரியிலிருந்து படம் குலைகின்றதோ அதற்குச் சற்று முன்னரே பழுது உள்ளது என்பது உறுதி. அவ்விடத்தை அண்டியிருந்த ஒவ்வொரு 10க்கும் முன் ஒரு 13ஐ இட்டுப் பார்த்து, படம் நேராகின்றதா என்று கண்ணாற் சோதிக்கவேண்டும். முதலாவது பழுது நீங்கினால் அடுத்த பழுதுவரை கையெழுத்துத் தெளியும். பின்பு அடுத்ததைத் தேடவேண்டும்.

இதற்கென ஒரு சிறு நிரல் எழுதினேன். 2005, 2006ஆம் ஆண்டுகளின் வார இறுதி நாள்கள் பெரும்பாலும் இவ்வேலையிலே கழிந்தன. சிதறிக் கிடந்த பக்கம் திடீரென நேராகி, 'வெத்திலை' என்ற சொல்லும் அதன் ஓரத்து வட்டமும் திரையில் தோன்றிய நாளை யான் மறக்கமாட்டேன். பதினாறு வயதிற் கேட்ட கண்டிப்பை மீண்டும் கேட்டாற்போலிருந்தது. இவ்வாறு 333 பக்கங்கள் மீண்டன.

எஞ்சிய ஒன்பதும் மீளவில்லை. அவை வர்ணப் படங்கள் வரைந்த பக்கங்கள். கடைக்காரர் அவற்றை மட்டும் பெரிதாகவும் வேறொரு முறையிலும் பதிந்திருந்தார். அம்முறையிலே படம் மேலிருந்து கீழாக வளர்வதில்லை. முழுப் படமும் முதலில் மங்கலாக எழுதப்பட்டு, பின் பலமுறை திரும்பத் திரும்பத் தெளிவாக்கப்படும். பழுது எந்த இடத்தில் என்பதைக் கண்ணாற் காண இயலாது. அவற்றை மீட்க என் திறமை போதவில்லை. துலாவின் உறுப்புகளை ஆசிரியர் தம் கையால் வரைந்து பெயரிட்டிருந்த பக்கங்கள் அவை.

பின்வந்த மென்பொருள்கள் இவ்விடயத்தில் நன்மை பயப்பனவாயின. 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதற் பதிப்பாக வெளிவந்த சப்வேர்ஷன், வரி முடிவுகளை நாம் கூறினாலன்றித் தானாக மாற்றுவதில்லை. அன்றியும், 'புறொப்செற்' என்ற கட்டளையால் ஒரு கோப்புக்கு நாம் இடும் பண்புகளையும் அது கோப்பைப் போலவே வரலாற்றுடன் பேணும். 2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய கிற் என்னும் மென்பொருளிலே, பண்புகள் யாவும் 'கிற்அற்றிபியூட்ஸ்' என்ற சிறு எழுத்துக் கோப்பில் வரிவரியாக இருக்கும். எவ்வகைக் கோப்பை எவ்வாறு நடத்துவது என்று அதில் ஒருமுறை எழுதிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், அக்களஞ்சியத்தைப் பெறும் அனைவரையும் அது கட்டுப்படுத்தும். களைத்து வந்த இரவில் ஒருவன் குறியிட மறந்தாலும் கேடு நேராது.

2023ஆம் ஆண்டு கல்லூரிக்கு வந்திருந்தபோது, கணினிக் கூடத்தில் மாணவர் சிலர் ஆசிரியரின் சொற்களைப் படங்களிலிருந்து தட்டச்சுச் செய்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக்கி அகரவரிசைப்படுத்த ஒரு நிரல் எழுதினேன். என் கணினியில் ஓடுது, லினக்ஸ் சேர்வரிலே அனுமதி இல்லை என்று சொல்லுது," என்றான்.

"தம்பி, நீர் விண்டோஸில் இருந்தோ சேர்த்தீர்?" என்று கேட்டேன். "ஓம் சேர்," என்றான். லினக்ஸில் ஒரு கோப்பை நிரலாக ஓட்டலாம் என்பதற்கு 'எக்ஸ்' என்றொரு குறி கோப்பின்மேல் இருக்கவேண்டும். விண்டோஸ் அக்குறியை வைத்திருப்பதில்லை. ஆகையால் அங்கிருந்து சேர்ப்போர் அதனைக் கட்டளை வரியிலேயே கூறவேண்டும். 'கிற் எல்எஸ்-பைல்ஸ் -எஸ்' என்ற கட்டளையை இடச் சொன்னேன். அவனது கோப்பின் முன்னே 100644 என்று காட்டியது. 'கிற் அப்டேற்-இண்டெக்ஸ்' என்ற கட்டளையில் 'சிஎச்மொட்' என்னும் விருப்பத்துக்குக் 'கூட்டல் எக்ஸ்' என்று கொடுக்கச் சொன்னேன். மீண்டும் பார்த்தபோது 100755 ஆகியிருந்தது. அதனைப் பதிந்து சேர்வருக்கு அனுப்பினான்.

நிரல் அப்போதும் ஓடவில்லை. முதல் வரியின் முடிவிலே விண்டோஸின் 13 ஒட்டிக்கொண்டிருந்தது. பண்புக் கோப்பில் இரு வரிகள் எழுதுவித்தேன். நிரல்கள் யாவும் எழுத்து, அவற்றின் வரி முடிவு 10 மட்டுமே என்பது ஒன்று. படங்கள் யாவும் 'பைனரி', அதாவது எவரும் கை வைக்கலாகாது என்பது மற்றொன்று. முன்பே களஞ்சியத்திற் சேர்ந்திருந்தவற்றுக்கும் இவ்விதி பொருந்தும்படி, 'கிற் அட்' என்ற கட்டளையை 'றீநோமலைஸ்' என்னும் விருப்பத்துடன் ஒருமுறை இடச் செய்தேன். இறுதியாக, 'கிற் செக்-அற்றர்' என்ற கட்டளையால் ஒரு படத்தின் பண்புகளைக் கேட்டுச் சரிபார்க்கக் கற்பித்தேன். நிரல் ஓடிற்று. சொற்கள் அகரவரிசையில் வந்து நின்றன.

"சேர், படங்களுக்கு ஏன் இவ்வளவு கவனம்?" என்று அவன் கேட்டான். இக்கட்டுரையிற் கூறிய கதையை அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, தன் அம்மப்பா இளமையில் துலா மிதித்தவர் என்றும், அவரிடம் கேட்டு வரைந்து கொண்டுவருவதாகவும் சொன்னான். அடுத்த வாரமே கொண்டுவந்தான். ஆடுகாலும் துலாவும் துலாக்கொடியும் பட்டையும் அதில் இருந்தன. ஆசிரியர் வரைந்தது அன்று. ஆயினும் அவர் கேட்டறிந்த வழியிலேயே கேட்டு வரைந்தது. அப்படத்தை அவனே களஞ்சியத்திற் சேர்த்தான். சேர்க்குமுன் பண்பைச் சரிபார்த்தான். அதனை யான் அருகிலிருந்து பார்த்தேன்.

அன்பர்களே, பெரிய தவறுகள் பெரிய அறியாமையாலேயே நேர்கின்றன என்று இளமையில் எண்ணியிருந்தேன். என் தவறு அறியாமையால் நேர்ந்ததன்று. அறிந்த ஒன்றை ஓர் இரவு செய்யாது விட்டமையால் நேர்ந்தது. சேர்த்ததைத் திரும்ப எடுத்து ஒருமுறை பார்த்திருந்தால் அதனை அன்றே கண்டிருப்பேன். ஒன்றைக் காப்பில் வைத்தோம் என்று நம்புமுன், அதனை அங்கிருந்து எடுத்துப் பார்த்தல் வேண்டும். மூலத்தை அதற்குப் பின்னரே கைவிடலாம். இஃது என் தொழிலுக்கு மட்டும் உரிய விதியன்று. தம் வீடுகளிலே கல்லூரிப் பழம்படங்களையும் கடிதங்களையும் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் பழைய மாணவர் அனைவர்க்கும் இதனைப் பணிவுடன் நினைவூட்டுகின்றேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஆசிரியரிடம் பயின்றோருள் எவரேனும், அவர் கரும்பலகையில் வரைந்த துலாப் படத்தைத் தம் கொப்பியிற் படியெடுத்து வைத்திருக்கக்கூடும். அத்தகைய தாள் எவரிடமேனும் இருந்தால், பழைய மாணவர் சங்கச் செயலாளர்க்கு அறிவிக்குமாறு வேண்டுகின்றேன். அது கறைபட்டிருப்பினும், கிழிந்திருப்பினும், எழுத்துப் பிழை மலிந்திருப்பினும் திருத்த வேண்டா, இருந்தபடியே தருக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.